பின்பக்கத்தில் கிடந்த இதயம்

அலுவலகத்தில் அவருக்கு ‘எதுக்கு அக்கா’ என்று பெயர். யார் என்ன சொன்னாலும் “எதுக்கு?” என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். இலவசமாகப் பாடங்கள் தரும் திட்டம் ஒன்றை ஆராய்வது அவர் வேலை. ஆசிரியர்கள் பாடம் எழுதி இணையத்தில் போடுவார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், வெட்டலாம், ஒட்டலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அப்படிக் கிளம்பிய பாடங்கள் எங்கே போய்ச் சேர்ந்தன என்று கண்டுபிடிக்கத்தான் அக்காவுக்கு ஒரு மேசையும் ஆடுகிற நாற்காலியும் கொடுத்திருந்தார்கள்.

கொடுத்தவர்களுக்கு வேண்டியதோ ஒரே ஒரு எண்: எத்தனை பதிவிறக்கம்? பத்துக்குக் கீழே இருந்தால் பாடத்தைத் தூக்கிவிடுவதென்று முடிவாகியிருந்தது. வெள்ளிக்கிழமை அறிக்கை கொடுக்க வேண்டும்.

இதயத்தைப் பற்றிய பாடமும் அந்தப் பட்டியலில் மாட்டியிருந்தது. நான்கு ஆண்டில் ஏழே முறை. ஆறு மாத ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்து, படங்களைக்கூடத் தானே வரைந்து அதை எழுதியவர் ஓர் அறிவியல் ஆசிரியர். திங்கட்கிழமை அக்கா போய்ப் பார்த்தபோது மனிதர் சிரிக்கக்கூட இல்லை.

“ஏழுல மூணு நானே எடுத்தது மேடம், சரியா வருதான்னு பாக்க. தூக்குறதுன்னா சொல்லிடுங்க. நுரையீரல் பாடம் பாதியில நிக்குது. யாரும் பாக்காததுக்கு எதுக்கு மெனக்கெடணும்?”

அக்காவின் ‘எதுக்கு’ அக்காவிடமே திரும்பி வந்தது. வீடு வந்து சேரும் வரை மனசு பாரமாகவே இருந்தது.

வீட்டுக்காரர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியதால் வீட்டிலும் அதே குரல்தான். பெண்டாட்டி குறிப்பெழுதப் புதுத் தாள் எடுத்தால் அவருக்குப் பொறுக்காது. கடையில் கோணலாகவும் கறுப்பாகவும் விழுந்த தாள்களைக் கட்டாகக் கொண்டுவந்து போடுவார். பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருக்கிறது! எட்டு மாத ஆராய்ச்சி முழுக்க அந்தப் பின்பக்கங்களில்தான் நடந்தது.

புதன்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ‘இதயம்: பயன்பாடு இல்லை’ என்று எழுதி அடிக்கோடும் இழுத்தார். மின்விசிறிக் காற்றில் தாள் புரண்டது. மறுபக்கத்தில் ஓர் இதயம்.

சந்தேகமே இல்லை, ஆசிரியர் வரைந்த அதே இதயம். நுரையீரலுக்குப் போகிற குழாயில் மட்டும் அம்புக்குறியை யாரோ பேனாவால் அடித்துவிட்டு, எதிர்த்திசையில் போட்டிருந்தார்கள். அக்கா கணினியில் மூலப் படத்தைத் திறந்தார். ஆசிரியர் கணக்குப்படி ரத்தம் வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. நான்கு ஆண்டாகத் திட்டத்தில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை, அக்கா உட்பட.

“என்னங்க, இது எங்கேருந்து வந்துச்சு?”

“இதுவா? வருஷா வருஷம் பள்ளிக்கூடம் தொறந்ததும் வரும். ஒரு டீச்சர் பழைய காப்பியோட வருவாங்க, அவங்ககிட்ட வாங்கிட்டு இன்னொருத்தர் வருவாங்க. இந்த இதயத்தை அடிச்சு அடிச்சு என் மெஷினுக்கே நெஞ்சுவலி வந்துருச்சு.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“நீதான் கம்ப்யூட்டர்ல தேடிக்கிட்டு இருந்தியே!”

அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் பிடுங்கித் தின்றது. ஊரையே கேள்வி கேட்டவர் தன் கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்க்கவில்லையே!

வீட்டுக்காரரின் போனிலிருந்து டீச்சர்களின் எண்களை வாங்கிக்கொண்டு, வியாழக்கிழமை முழுக்கப் பேசினார். ஒருவர் இன்னொருவரைக் கைகாட்ட, பதினொரு பள்ளிகள் தேறின. “அம்பு தப்புன்னு முதல் வருஷமே தெரியும்,” என்றார் ஒரு டீச்சர். “யார்கிட்ட சொல்றது? தாள்ல பேரே இல்லையே.”

வெள்ளிக்கிழமை அறிக்கையில் ‘பயன்பாடு இல்லை’யை அடித்துவிட்டு, ‘பதினொரு பள்ளிகள். நமக்குத்தான் எண்ணத் தெரியவில்லை’ என்று எழுதிக் கொடுத்தார். கையோடு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஆசிரியர் வீட்டுக்குப் போனார்.

விஷயத்தைக் கேட்டதும் ஆசிரியரின் முகம் மலர்ந்தது. அம்புக்குறியைப் பார்த்ததும் அப்படியே வாடிவிட்டது.

“ஐயோ, பதினொரு பள்ளிக்கூடத்துலயும் தப்பாவா சொல்லிக் குடுத்திருக்காங்க?”

“இல்ல சார். பதினொரு இடத்துலயும் திருத்தினதுதான் ஓடுது. நீங்க ஒருத்தர்தான் பாக்கி.”

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு மடிக்கணினியைத் திறந்து முதலில் அம்பைத் திருப்பினார். அடுத்து, பாதியில் நின்ற நுரையீரலை எடுத்தார்.