நூம்பலில் நின்ற நீலப் புள்ளி

செல்போன் வகுப்புக்கு அப்பாவும் வந்திருந்தால் இதில் எதுவுமே நடந்திருக்காது. அவர்தான் வரமாட்டேன் என்றார். "போன் வந்தா எடுக்கணும், பேசி முடிச்சா வைக்கணும். இதுக்கு ஒரு கிளாஸா?" என்று அம்மாவையும் என்னையும் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு தனக்கு எவ்வளவு வினையாகப் போயிற்று என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது.

திருமுல்லைவாயிலில் எங்கள் தெருமுனைக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், முகூர்த்தம் இல்லாத நாட்களில் அந்த வகுப்பு நடந்தது. எனக்கு அப்போது பத்து வயது, கோடை விடுமுறை. எந்த வயதினரும் வரலாம் என்று வாசலில் எழுதி ஒட்டியிருந்தார்கள். சொல்லிக் கொடுத்தவர் முன்பு செல்போன் கடையில் வேலை பார்த்த ஓர் அக்கா. முதல் நாள் அவர் எந்தப் பொத்தானையும் தொட விடவில்லை. எல்லாரும் திரையை முந்தானையால் நன்றாகத் துடையுங்கள் என்றார். பாதிப் பேருடைய போனில் இருந்த கோளாறு அதிலேயே சரியாகிவிட்டது.

கூட்டத்தில் இரண்டு பேரை மறக்க முடியாது. ஒருவர் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தாத்தா. பீரங்கி வண்டிக்கு இஞ்சின் பொருத்திய கை, திரையில் ஓடிபி எண் வந்தால் நடுங்கும். இன்னொருவர் பூக்கார அம்மா. தட்டச்சு செய்ய வராது, ஆனால் பேசிப் பதிந்து அனுப்பக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அவரை யாராலும் நிறுத்த முடியவில்லை.

வகுப்பிலேயே கெட்டிக்கார மாணவி என் அம்மாதான். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, அக்காவே சொன்னார். மேப் பாடம் நடத்திய அன்று, "உங்க வீட்டுல ஒருத்தரோட போன்ல லொக்கேஷனைப் போட்டு, உங்க போனுக்கு அனுப்பிட்டு வாங்க. அவங்க எங்க இருக்காங்கன்னு நாளைக்குச் செவுத்துல எல்லாரும் பாப்போம்" என்று வீட்டுப்பாடம் கொடுத்தார். மறுநாள் காலை அப்பா குளிக்கப் போன நேரத்தில் அம்மா அவருடைய போனை எடுத்து, ஒரு தப்பில்லாமல் எல்லாவற்றையும் செய்தாள். எவ்வளவு நேரத்துக்கு என்று போன் கேட்டபோது, நிறுத்தும் வரை என்பதை அழுத்தினாள். அப்பாவுக்கு நிறுத்தத் தெரியாது. அவர் போனில் வரும் அறிவிப்புகளைக் கொசு விரட்டுகிற மாதிரி தள்ளிவிடுகிறவர்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அப்பாவுக்கு அப்போது மதிய ஷிஃப்ட். ஆனாலும் காலையிலேயே கிளம்பிவிடுவார். புது மெஷின் இறக்கியிருக்கிறார்கள், பழக வேண்டும் என்று காரணம் சொல்வார். அன்றும் அப்படித்தான் வண்டியை உதைத்துக் கிளம்பினார்.

வகுப்பில் அம்மாவின் போனைத்தான் அக்கா முதலில் புரொஜெக்டரில் போட்டுச் சுவரில் காட்டினார். பந்தியில் சாம்பார் தெறித்த கறை மேல் அம்பத்தூரும் ஆவடியும் வானகரமும் பெரிதாக விரிந்தன. நீலப் புள்ளி ஒன்று அதில் நகர்ந்தது. அதுதான் அப்பா என்றதும் எல்லாரும் கைதட்டினார்கள். ஆனால் புள்ளி எஸ்டேட் பக்கம் திரும்பவில்லை. வானகரம் வழியாக பைபாஸைத் தாண்டி, வேலப்பன்சாவடியைத் தாண்டி, நூம்பலுக்குள் நுழைந்து ஒரு சந்தில் போய் நின்றது.

"இன்னாம்மா, உன் ஊட்டுக்காரரு கம்பெனிக்குப் போறாருன்ன? நூம்பல்ல இன்னா கம்பெனி கீது?" என்று பூக்கார அம்மா வெள்ளந்தியாகத்தான் கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது பெரியப்பாவின் வீடு. நூம்பலில் எங்களுக்குத் தெரிந்த ஒரே வீடு.

ஏன் அப்படி அதிர்ந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் காதுகுத்து அந்த வீட்டு வாசலில் பந்தல் போட்டுத்தான் நடந்தது. தாய்மாமன் மடியில் உட்கார்ந்து, ஒரு காது குத்தி முடித்து, மறு காதுக்கு ஆசாரி ஊசியை எடுத்த நேரத்தில், மாமா கொண்டுவந்த சீர்த்தட்டைப் பார்த்து பெரியப்பா, "இதைத் தூக்கிகினு வர்றதுக்கு இத்தினி பேரா?" என்று பந்தல் அதிரச் சிரித்தார். அம்மா என்னை மாமா மடியிலிருந்து அப்படியே வாரித் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். என் மறு காது பிறகு பூந்தமல்லியில் ஒரு நகைக்கடையில் குத்தப்பட்டது. அன்று அப்பாவிடம் அம்மா சொன்னது எங்கள் வீட்டில் சட்டம். "இனி அந்த ஊட்டு வாசப்படிய நீ மிதிச்சேன்னு தெரிஞ்சுது, அன்னிக்கே புள்ளைய இட்டுகினு எங்க அம்மா ஊட்டுக்குப் போயிடுவேன்." அதன்பிறகு பெரியப்பாவின் பேரைக்கூட எங்கள் வீட்டில் யாரும் எடுத்ததில்லை. சொந்தக்காரர்களும் அந்தப் பேச்சு வந்தால் நாக்கைக் கடித்துக்கொள்வார்கள்.

அந்த வாசப்படியில்தான் இப்போது நீலப் புள்ளி நின்றுகொண்டிருந்தது, ஊர் பார்க்க, சுவர் அகலத்துக்கு. அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. போனைப் பிடுங்கிக்கொண்டு என் கையைப் பிடித்து எழுப்பினாள். படிக்கட்டில் அவள் பிடி என் மணிக்கட்டில் வலித்தது. நாங்கள் பாட்டி ஊருக்குப் போகப்போகிறோம், பள்ளிக்கூடம் மாறும், அப்பா இங்கே தனியாக இருப்பார் என்று எண்ணிக்கொண்டே அவள் பின்னால் ஓடினேன்.

ஆட்டோக்காரர் எங்கே போக வேண்டும் என்று கேட்டார். அம்மாவுக்கு அந்த வழி கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். ஆனால் அந்த வீட்டைத் தன் வாயால் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. போனை நீட்டி, "இந்தப் புள்ளி எங்க நிக்குதோ, அங்க" என்றாள்.

"போலீஸ் கேஸா எம்மா? நமக்கு வாணாம்மா" என்று அவர் தயங்கினார். அம்மா பார்த்த பார்வையில் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

சந்து முனையிலேயே இறங்கினோம். பெரியப்பா வீட்டு வேப்பமரத்தடியில் அப்பாவின் பைக் நின்றது. அம்மா வாசலுக்குப் போகவில்லை. அப்பா மிதிக்கக் கூடாது என்று சொன்ன படியை அவளும் மிதிக்கவில்லை. பக்கத்து மனையில் பாதி கட்டி நின்ற வீட்டின் ஜல்லிக் குவியல் மேல் ஏறி, மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். நானும் ஏறினேன்.

பின்கட்டுக் குழாயடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஒரு மனிதர் உட்கார வைக்கப்பட்டிருந்தார். எலும்பும் தோலுமாக, ஒரு பக்கம் கோணிய வாயில் எச்சில் ஒழுக, வலது கை துணி மாதிரி தொங்க. அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவருக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாத என் அப்பா! கால் விரல் இடுக்கெல்லாம் தேய்த்து, குவளையால் தண்ணீர் ஊற்றி, துண்டால் தலை துவட்டினார். பிறகு ஒரு பொட்டலத்தைப் பிரித்து இட்லியைப் பிட்டு ஊட்டினார். அந்த மனிதரால் விழுங்க முடியவில்லை. இருமினார். வெளியே வந்ததை அப்பா உள்ளங்கையில் ஏந்தினார்.

பெரியப்பா வீட்டை யாருக்கோ வாடகைக்கு விட்டிருக்கிறார், அப்பா அங்கே நோயாளியைக் கவனிக்கிற வேலைக்குப் போகிறார் என்று முடிவு செய்தேன். பந்தல் அதிரச் சிரித்த பெரியப்பாவுக்கும் அந்த நாற்காலிக்கும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவே இல்லை. அது யார் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"யாரோ" என்றாள். ஜல்லி சரியச் சரியக் கீழே இறங்கினாள். ஆட்டோவில் திரும்பும்போது முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டே வந்தாள்.

அன்று இரவு அப்பா வருவதற்குள் நான் என் புத்தகப் பையைக் கட்டி வைத்துவிட்டேன். பாட்டி வீட்டில் எங்கே வைப்பது என்றுகூட யோசித்திருந்தேன். அப்பா வந்தார், புது மெஷின் படுத்துகிற பாட்டைச் சொன்னார். அம்மா ரசம் ஊற்றினாள். இதோ வெடிக்கும், இதோ வெடிக்கும் என்று எனக்குச் சோறே இறங்கவில்லை. ஒன்றும் வெடிக்காதது சண்டையைவிடப் பயமாக இருந்தது.

அடுத்த வகுப்பில் எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். கேட்டது பூக்கார அம்மாதான். அம்மா நிதானமாக, "அந்த மேப்பு தப்புங்க. நான் நேரா போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன். அவரு கம்பெனியிலதான் கீறாரு" என்றாள்.

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. பொய் சொன்னால் வாயில் சூடு போடுவேன் என்கிற அம்மா! மேப் அவ்வளவு தப்பாகக் காட்டாது என்று அக்கா வாயெடுத்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார். என்ன படித்தாரோ, "ஆமா, சில நேரம் காட்டும்" என்று சுவரில் விழுந்த படத்தை அணைத்துவிட்டார். ஆவடித் தாத்தா வெற்றிக் களிப்பில் மேசையைத் தட்டினார், தான் அப்போதே சந்தேகப்பட்டதாக. இன்றும் எங்கள் தெருவில் அந்த வகுப்பில் படித்த யாரும் மேப்பை நம்புவதில்லை. எங்கே போனாலும் டீக்கடையில் நிறுத்தி வழி கேட்டுத்தான் போகிறார்கள்.

மறுநாள் காலை இன்னொரு அதிர்ச்சி. பரணிலிருந்து நாலு அடுக்குக் கேரியர் இறங்கியிருந்தது. அம்மாவின் கல்யாணச் சீரில் வந்தது, மாமா வீட்டுப் பேர் பொறித்தது, விளக்கிப் பளபளவென்று இருந்தது. அதுவாவது பரவாயில்லை. சோறு உதிரி உதிரியாக இல்லாவிட்டால் உலையையே கொட்டிவிடுகிற அம்மா, ஓர் அடுக்கு நிறையச் சோற்றைக் குழையக் குழைய வடித்து, பருப்பும் நெய்யும் விட்டு மசித்து வைத்திருந்தாள்.

அப்பா மூடியைத் திறந்து பார்த்தார். "இன்னா, இம்மாம் கொழைஞ்சு கீது?"

"அரிசி புதுசு" என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்தபடி. அப்பா அடுக்கை மூடி, கொக்கியை மாட்டினார். பிறகு கேரியரை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த வருஷம் முழுவதும் எங்கள் வீட்டு அரிசி புதுசாகவே இருந்தது. அப்பா இவ்வளவு சாப்பிட்டும் ஏன் பருக்கவில்லை என்று நான் வியந்தேன்.

வகுப்பு முடிந்து எல்லாரும் பாடத்தை மறந்த பிறகும் அம்மா மறக்கவில்லை. அப்பா கிளம்பியதும் போனை அஞ்சறைப் பெட்டிமேல் சாய்த்து வைப்பாள். வெங்காயம் அரிந்துகொண்டே பார்ப்பாள். புள்ளி வானகரத்தில் நெரிசலில் நின்றால் முணுமுணுப்பாள். வேலப்பன்சாவடியைத் தாண்டினால் மூச்சு விடுவாள். நூம்பல் சந்தில் போய் நின்ற பிறகுதான் தனக்குத் தட்டு வைத்துக்கொள்வாள்.

"மேப்புதான் தப்புன்னியே, அப்புறம் ஏம்மா பாக்கற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கத்துகினது மறந்துடக் கூடாதில்ல" என்றாள்.

நான் அதை நம்பினேன்.