காலி இடத்துக்கு வந்த நம்பர்

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் உதிரிபாகத் தொழிற்சாலையில், ஆள் விவரம் காட்டும் புரோகிராம் எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியது. பெயரெல்லாம் ஒரு லிஸ்ட், ஊரெல்லாம் இன்னொரு லிஸ்ட், வீட்டு போன் நம்பரெல்லாம் மூன்றாவது லிஸ்ட். ஓர் ஆளின் விவரம் முழுவதையும் ஒரு சின்ன லிஸ்டில் போட்டு, அந்தச் சின்ன லிஸ்டுகளைப் பெரிய லிஸ்டுக்குள் வைக்க வேண்டும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"ஓடிக்கினுதானே இருக்கு, நோண்டாதம்மா" என்றார் மேனேஜர்.

ஒரு மதியம் சோழவரத்துக்காரர் ஒருவரின் கை பிரஸ் மெஷினில் மாட்டிக்கொண்டது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவருக்கு நினைவில்லை. திரையில் அவர் பெயருக்கு நேரே வந்த நம்பரைச் சொன்னேன். மேனேஜர் ஸ்பீக்கரில் போட்டு, "உங்க ஊட்டுக்காரருக்கு அடிபட்டுடுச்சும்மா" என்றார்.

ஒரு பெண் அலறினாள். "ஐயோ, எளாவூர்லேர்ந்து நான் இன்னான்னு வருவேன்!" லைன் கட்டானது.

எளாவூரா? திரையை மறுபடி பார்த்தேன். லிஸ்டில் அடுத்த ஆள்தான் எளாவூர்க்காரர். ஒரு கீறலும் இல்லாமல் லேத்தில் நின்று வேலை செய்துகொண்டிருந்தார். மேனேஜர் மறுபடி மறுபடி அடித்தார், பிஸி. அவள் புருஷனைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். எங்கள் ஆட்கள் போனை கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். எடுக்க ஆளில்லாமல் அது அடித்தால் அவள் என்ன நினைப்பாள்? லாரி ஓயாத ஹைவே ரோட்டில் பதறிக்கொண்டு இறங்கிவிட்டால்?

ஓடிப்போய் அவரை இழுத்து வந்தேன். ஒருவழியாக லைன் கிடைத்தது.

"நான்தாம்மே. எனக்கு ஒண்ணும் இல்ல. அழுவாத, அழுவாத."

அவள் நிறுத்தவேயில்லை. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சோழவரத்துக்காரரின் விண்ணப்பத்தைத் தேடி எடுத்தேன். வீட்டு நம்பர் காலி. அந்த வீட்டுக்கே ஒரு போன்தான், அதுவும் அவரிடம் என்று ஓரத்தில் எழுதியிருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் காலி இடத்தைத் தாண்டி அடுத்த நம்பரை ஏற்றியதில், கீழே இருந்த நம்பரெல்லாம் ஒரு படி மேலே ஏறிவிட்டது. ஆத்திரத்தோடு அங்கேயே உட்கார்ந்து மாற்றினேன். ஆளுக்கு ஒரு லிஸ்ட்: பெயர், ஊர், நம்பர். நம்பர் இல்லாவிட்டாலும் அதன் இடம் அப்படியே இருக்கும்.

"இப்ப கரெக்டா காட்டுதா?" என்றார் மேனேஜர்.

"காட்டுது சார். நம்பரே இல்ல. அவரு சம்சாரத்துக்கு இன்னும் யாருமே சொல்லல."

எளாவூர்க்காரர் எழுந்தார்.

"பைக் சாவி குடுங்க சார். நான் போய்ச் சொல்றேன். எங்க ஊட்டம்மா எப்டி அழுதுச்சுன்னு கேட்டுக்கினுதானே இருந்தீங்க, பக்கத்துல நின்னு சொல்லணும்."