சாரல் நுழையாத வீடு

குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டுக்கு யாராவது வழி கேட்டால், "அந்தக் குளுகுளு வீட்டுக்கு எதிர்த்தாப்புல" என்றுதான் சொல்வோம். எங்கள் வீட்டுக்கென்று சொந்த அடையாளம் கிடையாது, எதிர்வீட்டைக் காட்டியே பிழைக்கிறோம். அந்த வீட்டுக்காரி ஹைருன் பீவியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

அவள் புருஷன் கிதிர் முகம்மது, குவைத்தில் பெரிய கட்டடங்களுக்குக் குளிரூட்டும் வேலை பார்த்தவர். கல்யாணமானதிலிருந்து ரெண்டு வருஷத்துக்கொரு தரம் வருவார், பெட்டியைப் பிரித்து முடிப்பதற்குள் திரும்பிப் போய்விடுவார். ஒருவழியாக ஊரோடு வந்து, அங்கே கற்றதையெல்லாம் கொட்டி இந்த வீட்டைக் கட்டினார். கனமில்லாத சாம்பல் கல்லில் சுவர். மொட்டை மாடியில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை டைல்ஸ், அதற்கடியில் தெர்மாகோல் மாதிரி ஒரு பலகை. ஆள் நடமாட்டம் பார்த்து எரிந்து அணையும் விளக்கு. ஏசியைக் கொஞ்ச நேரம் ஓட்டினால் போதும், விடியும்வரை குளிர் நிற்கும். ஜன்னலுக்கெல்லாம் ரெண்டு அடுக்குக் கண்ணாடி, ஒன்றையும் திறக்க முடியாது. காற்று மாற்றுவதற்குச் சுவரில் ஒரு சின்ன மெஷின். "விரல் இடுக்கு விட்டாலும் கரண்ட் வெளிய ஓடுதுன்னு அர்த்தம்" என்பார் கிதிர்.

பொய் சொல்லக் கூடாது. சித்திரையில் ஊர் கொதிக்கும்போது நானே வெட்கமில்லாமல் அங்கேதான் கிடந்தேன். ஆய வேண்டும் என்று ஒரு கட்டுக் கீரையைத் தூக்கிக்கொண்டு போவேன், மத்தியானம் பூராவும் அந்த ஒரு கட்டையே ஆய்வேன்.

ஆனி பிறந்ததும்தான் வினை. செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று புறப்பட்டுவிட்டது. குற்றாலத்தில் தண்ணீர் விழுந்து, ஈரத் துண்டும் எண்ணெய்த் தலையுமாக வண்டி வண்டியாகச் சனம் போகிறது. எங்கள் தெருவில் ஜன்னல் எல்லாம் படார் படாரென்று அடிக்கிறது. சாரல் உள்ளே வந்து பாயை நனைக்கிறது, யாரும் திட்டுவதில்லை. ஹைருன் மட்டும் கண்ணாடிக்குப் பின்னால் நின்றாள்.

"தென்ன மரம் தலைய விரிச்சு ஆடுது, சத்தமே கேக்கலக்கா. டிவில சத்தத்தக் கொறச்சு வச்ச மாதிரி இருக்கு" என்றாள். தொழுகையின் கடைசியில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் விளக்கு அணைந்துவிடுமாம். "வீட்டுல ஆள் இல்லன்னு நெனச்சுக்கிடுது" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் அடுப்படிக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வாள். எனக்குக் கோபமாக வரும். "ஏட்டி, ஒரு ஜன்னல உடைச்சு வைக்கச் சொல்ல வேண்டியதுதான? வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"இதே மாதிரி வீடு கட்டித் தரச் சொல்லி மூணு பேரு அவருகிட்ட கேட்டு வாராங்கக்கா. அது அமைஞ்சாத்தான் அவரு இங்கன இருப்பாரு, இல்லன்னா திரும்ப ஃபிளைட் ஏறணும். ஜன்னல் வேணுமா, ஆளு வேணுமான்னா நான் எதச் சொல்ல?"

ஆகவே ஹைருனும் அந்த வீட்டின் ஒரு சாமான் ஆனாள். கிதிர் ஆட்களைக் கூட்டி வருவார். சுவரைத் தட்டிக் காட்டுவார், விளக்கைக் காட்டுவார், பிறகு ஹைருனைக் காட்டுவார். அவள் டீ கொடுத்துக்கொண்டே, "சொகமா இருக்கு" என்பாள். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, மார்க் வாங்கின பிள்ளை தோற்றுப்போகும்.

அந்த மூணு பேரில் முதல் ஆளாக, ரெண்டு தெரு தள்ளிக் கிதிரை வைத்து வீடு கட்டிக்கொண்டிருந்த சங்கரேஸ்வரி ஒருநாள் தனியாக வந்தாள். வீட்டுக்காரன் சுடலைராஜ் ராணுவத்தில், ராஜஸ்தானில் எங்கேயோ. "அக்கா, நான் கைப்புள்ளையோட ஒத்தையில அடைஞ்சு கிடக்கப் போறவ. நெசத்தச் சொல்லுங்க, எப்படி இருக்கு?" என்று கேட்டாள். நானும் அங்கேதான் இருந்தேன்.

ஹைருன் என்னைப் பார்க்காமல், "சொகமா இருக்கும்மா" என்றாள். அன்றைக்கு அவள் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு அப்படியே கை கழுவினாள். எனக்கும் அவள்மேல் ஆத்திரம்தான், ஆனால் என்ன சொல்லித் திட்டுவது?

மறுவாரம் ஒரு சாயங்காலம் கிதிர் வரத் தாமதமாயிற்று. தினமும் அப்படித்தான், வேலை முடியவில்லை என்பார். பிளாஸ்கில் டீ ஊற்றிக்கொண்டு ஹைருன் கிளம்ப, நானும் கூடப் போனேன். சங்கரேஸ்வரியின் வீட்டில் கொத்தனார்கள் எப்போதோ போய்விட்டார்கள். முன்னறையில் கண்ணாடி இன்னும் வராத ஜன்னல் ஓட்டையில், காலை மடக்கிக்கொண்டு கிதிர் உட்கார்ந்திருந்தார். சட்டையைக் கழற்றியிருந்தார். முகத்தில் சாரல் அடிக்கிறது, கண் மூடியிருக்கிறது. அரைத் தூக்கம்.

ஹைருன் கூப்பிட்டதும் துள்ளி இறங்கினார். திருடிப் பிடிபட்டவர் மாதிரி சட்டையைத் தேடினார்.

"தெனமும் இங்கனதான் உக்காந்திருக்கீங்களா?"

"வீட்டுல ஒரு கொறையும் இல்ல ஹைரு. சும்மா, காத்து நல்லாருக்குன்னு..." என்று இழுத்தார். பிறகு அவராகவே, "நாளைக்குக் கண்ணாடி வந்துரும். இது முடிஞ்சா மத்த ரெண்டும் அமைஞ்சிரும். பெறவு எங்கயும் போக வேண்டாம்" என்றார்.

ஹைருன் அந்த ஓட்டையில் கையை வைத்தாள். முக்காடு பறந்து தோளில் விழுந்தது, எடுத்துப் போடவில்லை. அங்கேயே நின்று சங்கரேஸ்வரிக்குப் போன் போட்டாள். "அம்மா, நான் அன்னைக்குச் சொன்னது பொய்யி. மூச்சு முட்டுது. கண்ணாடி மாட்டுததுக்கு முன்ன, தெறக்குத மாதிரி ஜன்னலாக் கேளு."

கிதிர் தடுக்கவில்லை. அவள் போனை வைத்ததும், "நல்லதத்தான் சொன்ன" என்றார். அந்த டீயை யாரும் குடிக்கவில்லை.

திறக்கிற ஜன்னலே போட்டுத் தருகிறேன் என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கட்டினவர் பெண்டாட்டியே மூச்சு முட்டுகிறது என்றாளாம் என்று பேச்சு பரவிவிட்டது. சுடலைராஜ் வேறு ஆளை வைத்து வேலையை முடித்தான். மற்ற ரெண்டு பேரும் போனை எடுப்பதையே நிறுத்தினார்கள். புரட்டாசியில் கிதிருக்கு மறுபடி குவைத் விசா வந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் யாரையும் கூப்பிடாமல் தானே சுத்தியலை எடுத்து, படுக்கையறைக் கண்ணாடியைப் பெயர்த்துவிட்டு ரெட்டைக் கதவு ஜன்னல் ஒன்று வைத்தார். கொண்டியை நாலைந்து தடவை போட்டுப் பார்த்து எண்ணெய் விட்டார்.

இந்த வருஷம் ஆனி பிறந்து சாரல் கட்டிவிட்டது. சங்கரேஸ்வரி வீட்டில் ஜன்னல் பூராவும் திறந்து கிடக்கிறது, பிள்ளை கம்பியைப் பிடித்து நின்று தெருவைப் பார்க்கிறது. ஹைருன் வீட்டு ஜன்னல் மட்டும் சாத்தியபடியே இருக்கிறது. பொறுக்க மாட்டாமல் நேற்றுப் போய்க் கொண்டியில் கை வைத்தேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு அங்கன எட்டுப் பேரோட, ஜன்னலே இல்லாத ரூம்ல கிடக்காரு. நான் இங்கன இதத் தெறந்து வச்சுக் காத்து வாங்கவாக்கா?"

நான் கையை எடுத்துவிட்டேன்.