சொல்வழி கேட்ட புரோகிராம்

புரோகிராம் எழுதிப் பிழைத்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: மெஷினுக்கு வசதியாக எழுதினால் மனிசருக்கு விளங்காது, மனிசருக்கு விளங்க எழுதினால் மெஷின் ஆறுதலாக, மெதுவாகத்தான் ஓடும். எண்பதுகளில் நானும் என் தங்கச்சி மாப்பிள்ளை நவ்பலும் கல்முனையில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தினோம். இருந்தது ஒரேயொரு மெஷின். திரைக்குப் பழைய டிவி.

இருநூறு வயல்

வயல்களுக்குத் தண்ணீர் முறை பிரிக்கும் வட்டவிதானையார் ஒருவர் இறக்காமத்திலிருந்து கொப்பியோடு வந்தார். இருநூறு வயல், ஒவ்வொன்றும் வாய்க்காலுக்கு எவ்வளவு தூரம், எந்த நாளில் விதைத்தது, எல்லாம் அதில் இருந்தது. தூரத்தின்படி வரிசை வேண்டுமாம். பேசிக் மொழியில் எழுதுவது ஏறக்குறைய இங்கிலீசில் கதைப்பது போல. ஒரே நாளில் எழுதி முடித்து ஓடவிட்டேன். விதானையார் பிளேன்டீ குடித்தார், அஸர் தொழப் போய்த் திரும்பி வந்தார். டிவியில் இன்னும் ஒன்றுமில்லை.

"இந்தப் பெட்டிக்கும் என்ட வயசுதான் போல, தம்பி," என்றார்.

நவ்பலுக்கு வந்த ரோசம்

நவ்பல் பேசிக்கைத் தூக்கி வைத்துவிட்டு, நேரே மெஷினின் மொழியிலேயே, வெறும் எண்களாக எழுதத் தொடங்கினான். மூன்று கிழமை. தங்கச்சி சோற்றுப் பார்சலை வகுப்புக்கே அனுப்பிக்கொண்டிருந்தாள். கடைசியில், பொத்தானைத் தட்டிக் கண் மூடித் திறக்குமுன் பட்டியல் வந்து நின்றது. நவ்பல் பாராட்டை எதிர்பார்த்து விதானையாரின் முகத்தையே பார்த்தான்.

"இவ்வளவு கெதியா எண்டா எங்கட வயல் எல்லாத்தையும் பார்த்திரிக்காது. இன்னொருக்கா ஆறுதலாப் போடுங்க."

குளம் வற்றிய கிழமை

விதானையார் ஓட்டமாக வந்தார். குளத்தில் தண்ணீர் இறங்கிவிட்டது. முந்தி விதைத்த வயல்களில் பயிர் கதிர் கட்டும் குடலைப் பருவம். அவற்றுக்கு முதலில் தண்ணீர் போகாவிட்டால் நெல் பதராகிவிடும். விடிந்தால் வாய்க்கால் திறப்பு. வயல்காரர் கூட்டத்தில் இரண்டு பேர் மண்வெட்டியே தூக்கிவிட்டார்களாம். பட்டியல் இப்போது விதைத்த நாளின்படி வேண்டும்.

நவ்பல் தன் எண்களைப் பார்த்தான். எது எதற்கென்று அவனுக்கே ஞாபகமில்லை. ஒன்றை மாற்றினான், டிவி முழுக்கப் புள்ளிகள். இன்னொன்றை மாற்றினான், மெஷின் அப்படியே நின்றுவிட்டது. அவன் சேர்ட் நனைந்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு, ஆனால் விதானையாரைப் பார்க்கப் பயமாகவும் இருந்தது.

என் பழைய பேசிக் புரோகிராம் பதிந்திருந்த கெசட் நாடாவைத் தேடிப் போட்டேன். தூரம் என்றிருந்த இடத்தில் விதைத்த நாள் என்று மாற்றினேன், ஒரே வரிதான். பிறகு மூன்று பேரும் குந்திக்கொண்டு காத்திருந்தோம். கடைசி பஸ்ஸுக்குச் சற்று முன் பட்டியல் வந்தது.

அடுத்த கிழமை விதானையார் ஒரு பை குளத்து மீனோடு வந்தார். சண்டையில்லாமல் தண்ணீர் பாய்ந்ததாம். பையை நவ்பலைத் தாண்டி என் கையில் தந்தார்.

"ஆறுதலா ஓடுறது சொல்வழி கேக்குது, தம்பி. மற்றது என்ட மருமகன் மாதிரி. கெதியா வரும், ஆனா ஒண்டும் சொல்லேலா."

ஒரு மொழியில் எழுதினால் ஓடி முடியும் வரை காத்திருப்பு, மற்றதில் எழுதினால் திருத்தி முடியும் வரை காத்திருப்பு. எப்படிப் பார்த்தாலும் காத்திருந்தது நாங்கள்தான், மெஷின் ஒருநாளும் இல்லை.