சிவனேஸ்வரி மறைத்த விலை

என் மனைவி சிவனேஸ்வரி விம்பிள்டனில் பாமசிஸ்ட். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் துப்பாக்கி சுடுவாள். பதற வேண்டாம். பிஸ்லி மைதானத்தில் அறுநூறு யார்ட் தூரத்தில் நிற்கும் பலகையைத்தான் சுடுவாள். லைசென்ஸ் அவள் பெயரில். இரும்பு அலுமாரியின் சாவி எங்கே என்று எனக்குத் தெரியக்கூடாதாம், சட்டம் அப்படி. முப்பது வருடம் குடும்பம் நடத்தியவனுக்கு இந்த மரியாதை.

2009இல், சுட்டபின் விழும் பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி வந்து வீட்டிலேயே வெடிமருந்து அடைக்கத் தொடங்கினாள்.

"கடையில தோட்டா ஒண்டு எழுபது பென்ஸ். நான் அடைச்சால் முப்பத்தஞ்சு. பாதிக்குப் பாதி மிச்சம்!"

மிச்சம் பிடிப்பதற்காகவே இரண்டு மடங்கு சுட்டாள். நான் விடுவேனா? "இண்டைக்கு எவ்வளவு மிச்சம்?" என்று வாரம் தவறாமல் நக்கலடித்தேன்.

போன மார்ச்சில் திடீரென்று, "இனிக் காணும், விட்டிடுறன். முழங்கை நோகுது" என்றாள். ஜூலையில் கவுண்டி அணிக்குச் சுட இருந்தவள்.

வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அடுத்த ஞாயிறு வெடிமருந்து நிறுக்கும் சின்னத் தராசு குசினிக்கு வந்தது. என் தேத்தண்ணிக்குச் சீனி ஐந்து கிராம். மீன் குழம்புக்கு மிளகாய்த்தூளும் நிறுத்துத்தான். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், அவள் முகத்தில் சிரிப்பில்லாததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நான்காம் ஞாயிறு முடிந்ததும், அவளுக்குத் தெரியாமல் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். வெடிமருந்து ஒரு டப்பா கேட்டேன். தோட்டாவின் அடியில் பொறி தட்டுகிற பிரைமர் ஆயிரமும் கேட்டேன். தொடக்கத்தில் அவள் இருபத்தைந்து பவுணுக்கு வாங்கிய பிரைமர் இன்று எண்பத்தைந்து. நாற்பதுக்கு வந்த வெடிமருந்து நூற்றுப் பத்து. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாங்கத்தான் நின்றேன், ஆனால் கடைக்காரர் லைசென்ஸ் கேட்டார். அது அந்த அலுமாரிக்குள்!

வெறுங்கையோடு வந்து சொன்னதும் அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். "துவக்குக் கடைக்கோ? நீங்களோ?"

சட்டென்று சிரிப்பு நின்றது. "விலையைப் பார்த்தனீங்களோ?"

"ஓம். முழங்கை ஏன் நோகுதெண்டு தெரிஞ்சுது."

"மிச்சம் மிச்சம் எண்டு சொல்லிப்போட்டு, எந்த முகத்தோட இந்த விலையை உங்களிட்டைச் சொல்லுறது?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவளை நிறுத்தியது விலை இல்லை, என் வாய்.

"இஞ்சேரப்பா, கடையில தோட்டா இப்ப எவ்வளவு?"

"ரண்டு பவுண்."

"நீர் அடைச்சால்?"

"ஒரு பவுண் வரும்."

"அப்ப இப்பவும் பாதிக்குப் பாதி மிச்சம்தானே?"

அவள் உடனே எழும்பி, "கடை பூட்ட முதல் போவம். லைசென்ஸ் எடுக்கவேணும், கண்ணை மூடுங்கோ" என்றாள்.

மூடினேன். முப்பது வருடத்தில் அவள் சொன்ன எதையும் நான் இவ்வளவு சந்தோஷமாகச் செய்ததில்லை.