ஓநாய் மனிதனின் கல்யாணம்

போன வாரம் கள்ளக்குறிச்சிச் சந்தையில் ஒருவர் பழைய புத்தக மூட்டையை அவிழ்த்தபோது எழுந்த நமுத்த காகித வாசனை, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, இப்போது செல்போன் கடை இருக்கும் இடத்தில் இருந்த பாயின் வாடகைப் புத்தகக் கடைக்கு என்னைக் கொண்டுபோய் விட்டது. எடுத்துப்போகும் நாவல்கள் திரும்பி வருவதில்லை என்பதால், பாய் ஒவ்வொன்றிலும் கடைசிப் பதினாறு பக்கங்களைப் பிரித்துத் தகர டப்பாவில் வைத்திருப்பார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் முடிவு கிடைக்கும், அதையும் அங்கேயே நின்று, நான் ஊருக்குத் திரும்பும் வெள்ளிமலை பஸ் ஹாரன் அடிப்பதற்குள் படித்துவிட வேண்டும்.

"இன்னாம்மா, ஓநாய் கதைய முடிச்சிட்டியா? இந்தா, படிச்சிக்கினு இரு" என்று அவர் நீட்டிய தாள்களில், பௌர்ணமிதோறும் ஓநாயாக மாறி ஆட்களைக் கடித்துக் குதறிய ரவி, மாமன் மகளுக்குத் தாலி கட்டினான். எனக்கு அது கொஞ்சமும் விசித்திரமாகப் படவில்லை. கல்யாணம் ஆனால் திருந்திவிடுவான் என்று எங்கள் தெருவில் எல்லாப் பையன்களைப் பற்றியும்தான் சொன்னார்கள்.

சந்தை மூட்டையில் அதே நாவல் முழுதாகக் கிடைத்தது. முடிவில் ரவியை அவன் அம்மாவே வெள்ளிக் குண்டால் சுடுகிறாள். வேறு ஏதோ குடும்ப நாவலில் வந்த இன்னொரு ரவியின் முடிவை பாய் மாற்றிக் கொடுத்திருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது.

புத்தகத்தை வாங்கிக்கொண்டு, கடைசிப் பதினாறு பக்கங்களை மட்டும் பிரித்து, புத்தகம் விற்றவரிடமே நீட்டினேன்.

"இன்னாங்க, கிழிச்சிட்டீங்க?"

"இது உங்ககிட்டயே இருக்கட்டுங்க" என்றேன்.