கேட்காமல் உழுத அரை ஏக்கர்

அக்காவின் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குத் துணையாக டுலூத் நகரத்தில் பதினோரு நாள் இருந்துவிட்டு ஆர்லிஸ் குபியாக் வீடு திரும்பியபோது ஆகஸ்டு மாதம் பிறந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. பெட்டியைக்கூட வண்டியிலிருந்து இறக்கவில்லை. ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போகும் காட்டுப் பாதையில் இறங்கிவிட்டாள். பாதை வளைகிற இடத்தில் செடார் மரங்களுக்கு இடையே பச்சை தெரிய வேண்டும். அன்று வெறும் மண் தெரிந்தது.

மானுக்காக அவள் மூன்று வருடம் வளர்த்த குளோவர் என்ற தீவனச் செடி வேர் மேலே, இலை கீழே என்று புரண்டு கிடந்தது. சட்டிக் கலப்பை ஓடிய தடம் அந்த அரை ஏக்கர் முழுக்கக் கோடு கோடாக இருந்தது. மண்ணில் அப்போதுதான் ஏதோ இரண்டிலை விட்டு முளைத்திருந்தது. ஓரத்தில் ஒரு குச்சியை நட்டு, அதில் காலி விதைப்பை ஒன்றைச் செருகியிருந்தார்கள். பையின் மேல் பன்னிரண்டு கிளைக் கொம்போடு ஓர் ஆண்மான் படம். மானை இழுக்கப் போடும் டர்னிப் கிழங்கு விதை.

ஆர்லிஸ் அந்தப் பையைப் பிடுங்கி நான்காக மடித்துக் கோட்டுப் பைக்குள் திணித்தாள். யார் செய்தது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

விஸ்கான்சின் வடக்கில், அந்த மணல் பூமியில், ஆர்லிஸ் இருபத்தாறு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். வயது ஐம்பத்தொன்பது. கணவனை விவாகரத்துச் செய்து அனுப்பிவிட்டுத் தனியாக இருப்பவள். காட்டோடு சேர்ந்து நாற்பது ஏக்கர் அவள் பேரில் இருக்கிறது. பன்னிரண்டு வயதில் துப்பாக்கி பிடித்தவள். ஒவ்வொரு நவம்பரிலும் ஒரே ஒரு பெட்டைமான் சுடுவாள். அந்தக் கறி அவளுக்கு ஒரு வருடம் வரும். கொம்பைச் சுவரில் மாட்டுகிற பழக்கம் அவள் வீட்டில் இல்லை.

ஐந்து வருடத்துக்கு முன் ஒரு ஏப்ரல் மாதம், பனி உருகியபோது, செடார் மரங்களின் அடியில் இரண்டு மான்கள் செத்துக் கிடந்ததை அவள் பார்த்தாள். ஒன்று சினையாக இருந்தது. வனத்துறைக்காரர் வந்து வயிற்றைக் கிழித்துக் காட்டினார். வயிறு நிறைய ஊசியிலை. தின்றிருக்கிறது, ஆனால் அது உடம்பில் சேரவில்லை. நிறைந்த வயிற்றோடு பட்டினியால் செத்திருந்தது. அன்று தீர்மானித்தாள், இந்த இடத்தில் ஏப்ரலில் முதலில் பச்சை விடுகிற ஏதாவது ஒன்று இருக்க வேண்டும் என்று.

அதை அவள் ஏனோதானோவென்று செய்யவில்லை. மண்ணை அள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினாள். புளிப்பு மண், சுண்ணாம்பு போடாமல் எதுவும் வராது என்று பதில் வந்தது. மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்புத் தூளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய்க் கையால் தூவினாள். ஒரு வருடம் காத்திருந்தாள். விதை வாங்கத் தீவனக் கடைக்குப் போனபோது கடைக்காரன் டுவேன் டர்னிப் பையைத்தான் எடுத்து முன்னால் வைத்தான்.

"எல்லாரும் இதத்தான் வாங்குறாங்க. படத்தப் பாருங்க, இந்த மாதிரி கொம்பன் வந்து நிப்பான்."

"படத்துல இருக்கறது என் காட்டு மானா? எனக்கு வெள்ளைக் குளோவர் குடு. கொஞ்சம் ஓட்ஸும் குடு."

"குளோவர்ல பெரிசா ஒண்ணும் வராதுங்க."

"பெரிசா வரவேண்டாம். பசியோட வந்தாப் போதும்."

அந்தக் குளோவரைத்தான் உழுதிருந்தார்கள்.

வெர்ன் டெஸ்மர் அடுத்த நிலத்துக்காரன். வேட்டைக்குப் பெரிய கொம்பு மான்கள் கிடைக்க வேண்டும் என்று அக்கம்பக்கத்து ஏழு நிலக்காரர்கள் சேர்ந்து வைத்திருந்த மான் சங்கத்துக்கு அவன்தான் தலைவன். ஆர்லிஸும் அதில் ஒருத்தி. குளிர்காலத்தில் அவள் வீட்டுப் பாதையில் பனி தள்ளிக் கொடுப்பான் என்பதால் வேலிக் கதவின் சாவி ஒன்று அவனிடம் இருந்தது. அந்தச் சாவியைப் போட்டுத்தான் டிராக்டரை உள்ளே ஓட்டியிருக்கிறான்.

அவள் அவன் வீட்டுக்குப் போனபோது கொட்டகையில் டிராக்டருக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"வந்துட்டியா? பாத்தியா? சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான் சொல்லல."

"என் குளோவர எதுக்கு உழுத?"

"இங்க பாரும்மா, சுத்தி ஆறு பேர் கொல்லையிலயும் டர்னிப். நடுவுல உன்னுது மட்டும் குளோவர். பெரிய கொம்பன் இந்தப் பக்கம் தங்கணும்னா எல்லாம் ஒண்ணா இருக்கணும். நீயா தள்ளுவண்டி தள்ளிக் கஷ்டப்படுறியேன்னு நானே முடிச்சுக் குடுத்தேன். நன்றி சொல்லுவேன்னு பாத்தா..."

"எனக்குப் பேர் இருக்கு. அம்மா, தாயின்னு கூப்பிடற வேலையெல்லாம் வேண்டாம். யாரக் கேட்டு உள்ள வந்த?"

"கேட்டா நீ வேண்டாம்பே. அதான் கேக்கல."

இதைச் சொல்லும்போது அவன் வெட்கப்படவில்லை. ஏதோ புத்திசாலித்தனமான காரியம் செய்தவன் மாதிரி துணியில் கையைத் துடைத்துக்கொண்டான். வேண்டாம் என்பாள் என்று தெரிந்திருக்கிறது, தெரிந்தும் செய்திருக்கிறான், செய்துவிட்டு நன்றியும் எதிர்பார்க்கிறான். ஆர்லிஸ் கையை நீட்டினாள்.

"சாவியக் குடு."

"பனிக்கு என்ன பண்ணுவ?"

"நானே அள்ளிக்கறேன். குடு."

வியாழக்கிழமை ஊர்மன்றக் கட்டடத்தில் சங்கக் கூட்டம். ஆர்லிஸ் எழுந்து நடந்ததைச் சொன்னாள். மூன்று பேர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர், "மானுக்கு வேலி தெரியுமா என்ன? யார் நிலத்துல மேஞ்சா என்ன?" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். இன்னொருவர் காப்பி எடுக்க எழுந்தார்.

"உட்காருங்க!"

அது பேருந்தில் நாற்பது பிள்ளைகளை ஒரே சொல்லில் அடக்குகிற குரல். எழுந்தவர் உட்கார்ந்துவிட்டார். அவருடைய பிள்ளைகள் இரண்டு பேரும் அவள் பேருந்தில் போய்ப் படித்தவர்கள்தான்.

"மானுக்கு வேலி தெரியாது. மனுஷனுக்குத் தெரியணும். நீங்கல்லாம் நவம்பர்ல வேட்டை நடக்கற அந்த ஒம்பது நாளுக்காகப் பயிர் பண்றீங்க. பண்ணுங்க, நான் வந்து உங்க நிலத்த உழுதேனா? ஏப்ரல்ல எத்தன மான் செத்துக் கிடக்குதுன்னு உங்கள்ல ஒருத்தராவது போய்ப் பாத்திருக்கீங்களா? நான் பாத்தேன். அதுக்காகப் போட்டது அந்தக் குளோவர். நாளைலேருந்து நான் இந்தச் சங்கத்துல இல்ல."

வெர்ன், "கோவத்துல பேசறா, விடுங்க" என்றான். அவள் வெளியே வரும்போது அது காதில் விழுந்தது. அந்த ஒரு வாக்கியம் மாதக்கணக்கில் அவளைத் தூங்கவிடாமல் செய்தது. உழுத கோபத்தைக்கூட ஒருவேளை ஆற்றிக்கொண்டிருப்பாள், இதை முடியவில்லை.

பெரிய அக்கிரமம் அதற்குப் பிறகுதான். டர்னிப் செழித்து வளர்ந்தது. வளராமல் என்ன செய்யும்? அவள் சுமந்த சுண்ணாம்பு, அவள் குளோவர் மூன்று வருடம் மண்ணில் சேர்த்த சத்து, எல்லாம் அடியில் இருந்தது. செப்டம்பரில் முழங்கால் உயரம் இலை. வெர்னுடைய சொந்தக் கொல்லையில்கூட அப்படி வரவில்லை. ஒருநாள் தீவனக் கடைக்குப் போனால், அறிவிப்புப் பலகையில் ஒரு புகைப்படம். அவள் நிலத்தில், அவள் செடார் மரங்கள் பின்னால் தெரிய, வெர்ன் இடுப்பில் கை வைத்து நிற்கிறான். சாவியைத் திருப்பிக் கொடுத்த பிறகும் வேலி தாண்டிப் போயிருக்கிறான். கீழே எழுதியிருந்தது: ‘வெர்ன் டெஸ்மர் கொல்லை. இந்த வருடப் போட்டியில் முதலிடம்.’

ஆர்லிஸ் படத்தைக் கிழித்தெடுத்தாள்.

"ஐயோ, அது நம்ம கடை நடத்துற கொல்லைப் போட்டிக்கு வந்த படம்ங்க," என்றான் டுவேன்.

"யாரு நிலம்னு கேட்டியா?"

"அவரு கொண்டாந்து குடுத்தாரு..."

"மூணு வருஷமா உன்கிட்டதான குளோவர் வெத வாங்கறேன். அந்த எடம் யாரோடதுன்னு உனக்குத் தெரியாது?"

டுவேன் தலையைச் சொறிந்தான். தெரியும். தெரிந்துதான் மாட்டியிருந்தான். சின்ன ஊரில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும். வாய் திறக்க வேண்டிய இடத்தில் மட்டும் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

வேட்டைக்கு இரண்டு நாள் முன்பு வெர்ன் தொலைபேசியில் கூப்பிட்டான். தன் மருமகன் சிகாகோவிலிருந்து வருகிறான், முதல் நாள் மட்டும் அந்தக் கொல்லை ஓரத்தில் உட்காரட்டுமா என்று கேட்டான்.

"டர்னிப் நான் போட்டதுதான?" என்றான்.

"அப்படியா? அப்ப வந்து உன் டர்னிப்பப் பிடுங்கிட்டுப் போ. மண்ண உதறி வச்சிட்டுப் போ, அது என்னுது."

வேலிக் கதவுக்குப் புதுச் சங்கிலி போட்டாள். வேட்டை நாட்களில், மற்றவர்கள் மான் என்று நினைத்துச் சுட்டுவிடாமல் இருக்க, ஆரஞ்சுக் கோட்டோடு தினமும் காலையில் கொல்லையைச் சுற்றி வந்தாள். பனியில் மான் குளம்புத் தடம் நிறைய இருந்தது. பெரும்பாலும் ஓரத்தோடு போயிருந்தது. சில மட்டும் உள்ளே நுழைந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கின்றன. அந்தப் பக்கத்து மான்களுக்கு டர்னிப் என்றால் என்னவென்றே தெரியாது. நான்காம் நாள் செடார் ஓரத்தில் ஒரு பெட்டைமான் கிடைத்தது. தானே இழுத்துவந்து, தானே உரித்துக் குளிர்பெட்டியை நிரப்பினாள். ஊருக்கே முதலிடம் வாங்கிய இலை பனிக்குள் அமுங்கியது.

ஜனவரிக் கடும்பனியில் ஒன்றிரண்டு மான் வந்து கொஞ்சம் கடித்தது. மீதிக் கிழங்கு அப்படியே உறைந்து கிடந்தது. ஏப்ரலில் அத்தனையும் ஒரே சமயத்தில் உருகி அழுகியது. அழுகிய டர்னிப் நாற்றத்தை அனுபவிக்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. காற்று மேற்கிலிருந்து அடித்தது. வெர்னுடைய வீடு கிழக்கே இருந்தது. ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை பதினான்கு விருந்தாளிகளை வைத்துக்கொண்டு ஜன்னலைத் திறக்க முடியாமல், அவன் மனைவி கொலீன் நல்ல உடுப்போடே வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஆர்லிஸ், உன் காட்டுல என்ன செத்துக் கிடக்கு?"

"உன் புருஷன் போட்ட டர்னிப்."

"நீ கேட்டுத்தான போட்டாரு? முடியல, உழுது குடுன்னு நீ கெஞ்சினேன்னு சொன்னாரே?"

ஆர்லிஸுக்கு முகம் சூடாகிவிட்டது. கெஞ்சினாளாம். எட்டு மாதமாக ஊர் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்திருக்கிறது. அதனால்தான் அந்தக் கூட்டத்தில் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். உள்ளே போய், கோட்டுப் பையில் மடிந்து கிடந்த விதைப்பையை எடுத்துவந்து கொலீன் கையில் கொடுத்தாள். நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். கொலீன் முழுவதும் கேட்டாள்.

"எனக்குத் தெரியாது, ஆர்லிஸ். சத்தியமாத் தெரியாது," என்றாள். பிறகு வண்டிக் கதவைச் சாத்திய சாத்தலில் மரத்துக் காக்கைகள் பறந்தன.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வெர்ன் வைக்கோல் அள்ளும் கவைக்கோலோடு சங்கிலிக்கு வெளியே நின்றான். டிராக்டரில் வரவில்லை, கொலீன் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். ஆர்லிஸ் திறந்துவிட்டாள். மூன்று நாள் அவன் அந்தக் கூழை அள்ளி அள்ளித் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு போனான். அவள் பேருந்து ஓட்டப் போய்விட்டு வந்து, எவ்வளவு முடிந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு உள்ளே போவாள். மன்னிப்பு என்ற சொல் அவன் வாயில் வரவில்லை. மூன்றாம் நாள் கிளம்பும்போது மட்டும், "இனிமே இதுல என்ன போடப்போற?" என்று கேட்டான்.

"குளோவர். கூட ஓட்ஸ், குளோவர் எழுந்திரிக்கற வரைக்கும் நிழலுக்கு."

"ஆனா ஓட்ஸ் வந்து..."

"வெர்ன்."

அவன் நிறுத்திக்கொண்டான்.

மே மாதம் மழைக்கு முன்னால் விதை தூவினாள். ஜூனில் ஓட்ஸ் எழுந்தது. அடியில் குளோவர் சன்னமாக, இடையிடையே சொட்டையாக முளைத்தது. பழைய மாதிரி ஆக இன்னும் இரண்டு வருடம் ஆகும். இரண்டு ஏப்ரல். அதை நினைத்தால் அவளுக்கு இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றும். சங்கத்திலிருந்து இரண்டு பேர் தனித்தனியாகத் தொலைபேசியில் கூப்பிட்டு, மண்ணை எங்கே அனுப்பிச் சோதிப்பது என்று கேட்டார்கள். விலாசத்தைச் சொன்னாள். சங்கத்துக்குத் திரும்பி வருகிறாயா என்று கேட்டதற்கு, "இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அந்த ஊரில் எதிரே வருகிற வண்டி யாருடையதாக இருந்தாலும், ஓட்டுகிறவர் கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டாமல் போகமாட்டார். வெர்ன் இப்போதும் தூக்குகிறான். ஆர்லிஸ் நேராகப் பாதையைப் பார்த்து ஓட்டிக்கொண்டு போய்விடுகிறாள்.